மலையகப் பாடசாலையில் தொகுதிப் பாடத்தைத் தேர்வது யார்?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் தரம் 9 முடித்து 10க்குப் போகிறாள். கணக்கில் கெட்டிக்காரி. பாடசாலையில் புவியியல், சித்திரம், சுகாதாரமும் உடற்கல்வியும் என்று மூன்று தொகுதிப் பாடங்களை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "விருப்பப் பாடம் என்றால் பிள்ளை விரும்பியதை எடுக்கக்கூடாதா? அவளுக்குச் சிங்களமும் கம்ப்யூட்டரும் படிக்க ஆசை. சைவநெறியும் வரலாறும் மட்டும் ஏன் கட்டாயம்?" என்பது அவருடைய கேள்வி.

ஐயா, சட்டப்படி உங்கள் மகள் விரும்பியதை எடுக்கலாம். நடைமுறையில் அவளுக்காக ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது; எடுத்தவர் அதிபரும் அல்லர், நேரசூசி. ஆசிரியராகவும் பின்னர் ஆசிரிய ஆலோசகராகவும் இந்த மலைகளில் காலம் தள்ளியவன் என்பதால் அந்த நேரசூசி எப்படிப் போடப்படுகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மீதி மூன்றும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக வரவேண்டும். முதலாம் தொகுதியில் புவியியல், குடியியற் கல்வி, வணிகக் கல்வியும் கணக்கீடும், முயற்சியாண்மை, இரண்டாம் மொழி, இன்னும் சில பிறநாட்டு மொழிகள். இரண்டாம் தொகுதி அழகியல்: சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், இலக்கிய நயம். மூன்றாம் தொகுதியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், மனைப் பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், ஊடகக் கற்கை, வடிவமைப்புத் தொழினுட்பங்கள். தாளில் பார்த்தால் மகாராணி விருந்துதான்.

இனி நேரசூசிக்கு வருவோம். ஒரு நாளைப் பாடவேளைகளாகப் பிரித்திருப்பார்கள். "தொகுதி 1" என்று ஒரு பாடவேளை வந்ததும் வகுப்பு உடைய வேண்டும். புவியியல் பிள்ளைகள் ஓர் அறைக்கு, வணிகக் கல்விப் பிள்ளைகள் வேறோர் அறைக்கு, சிங்களம் எடுத்தவர்கள் மற்றோர் அறைக்கு. அந்த வேளையில் மூன்று ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும், மூன்று அறைகள் காலியாக இருக்க வேண்டும். ஹட்டனிலோ பதுளையிலோ தரம் 10இல் நான்கைந்து சமாந்தர வகுப்புகள் உள்ள பெரிய கல்லூரியில் இது சாத்தியம்; எல்லா வகுப்பின் பிள்ளைகளையும் கலந்து பாடவாரியாகப் பிரித்துவிடுவார்கள். தோட்டப் பாடசாலையில் தரம் 10 என்பதே ஒரு வகுப்பு, இருபத்தைந்து முப்பது பிள்ளைகள். அதே வேளையில் தரம் 6, 7, 8, 9, 11 வகுப்புகளுக்கும் ஆள் வேண்டும். அதிபர் என்ன செய்வார்? தொகுதிக்கு ஒரு பாடம் என்று தீர்த்துவிடுவார். புவியியல் படித்த ஆசிரியை இருக்கிறார், எனவே புவியியல். சித்திர ஆசிரியர் இருக்கிறார், எனவே சித்திரம். மைதானம் இல்லாவிட்டாலும் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்க யாராவது அகப்படுவார்கள். உங்கள் மகளுக்கு விதிக்கப்பட்ட மூன்றும் இப்படித்தான் பிறந்திருக்கும்.

இதன் வேர் பாடசாலை வகைப்படுத்தலில் இருக்கிறது. இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ளவை 1ஏபி, கலை வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சீ, தரம் 11 வரை உள்ளவை வகை 2, அதற்குக் கீழே வகை 3. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைக்குள் அடங்கும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான் இந்தப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அதற்கு முன் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கீழ் ஒற்றை ஆசிரியரோடு ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவை. நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு 1945இல் வந்த இலவசக் கல்வி, லயத்துப் பிள்ளைக்கு (தோட்டத்து வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைக்கு) ஒரு தலைமுறை தாமதித்து வந்தது. அந்தத் தாமதத்தின் வட்டியை இன்று தரம் 10 தொகுதிப் பாடத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, கிடைத்த மூன்று பாடங்களும் மோசமா? இல்லை. முதலில் புவியியல். நகரத்துப் பிள்ளை மனப்பாடம் செய்யும் சமவுயரக் கோட்டை உங்கள் மகள் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிறாள். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து என்பதை அவளுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. லயத்திலிருந்து மேட்டுக் கொழுந்து மலைக்குப் போகும் படிக்கட்டை நினைத்துப் பார்த்தால் போதும். உங்கள் பக்கத்துக் கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, மஸ்கெலியா ஓயா மவுசாகலைக்கு. இரண்டும் பின்னர் களனி கங்கையாகிக் கொழும்புக்கு இறங்குகின்றன. மண்சரிவு எச்சரிக்கை, காடழிப்பு, நீர்மின் நிலையம் என்று பாடத்திட்டத்தில் பாதி உங்கள் வீட்டு வாசலில் நடக்கிறது. ஆசிரியை மட்டும் பிள்ளைகளை ஒரு தடவையாவது 1:50,000 இடவிளக்கப் படத்தோடு வெளியே கூட்டிப் போனால் இந்தப் பாடத்தில் 'ஏ' எடுப்பது பெரிய வித்தை இல்லை.

பெறுபேற்றைப் பற்றியும் இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றிலாவது திறமைச் சித்தி, அதாவது 'சீ', 50 புள்ளியும் அதற்கு மேலும். உயர்தரத்துக்குப் போவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகோல் இதுதான். சுற்றறிக்கைகள் இடையிடையே இதைத் தளர்த்தியும் இறுக்கியும் வந்திருக்கின்றன. விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆண்டு முழுவதும் ஆசிரியர் இல்லாத ஒரு பாடசாலையில் அந்த மூன்று 'சீ' எங்கிருந்து வரும்? தமிழ், சைவநெறி, பிறகு தொகுதிப் பாடங்கள். தோட்டப் பாடசாலைகளின் பெறுபேற்றுத் தாள்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கோலம் நன்றாகத் தெரியும்: ஆங்கிலத்தில் 'டபிள்யூ' (சித்தியில்லை), விஞ்ஞானத்தில் 'எஸ்' (சாதாரண சித்தி), சைவநெறியில் 'ஏ', சுகாதாரத்தில் 'பி'. பிள்ளையை மேலே தூக்கிவிடுவது தொகுதிப் பாடங்கள்தான். "சும்மா ஒன்று" என்று அவற்றை ஒதுக்குவது கொழும்பில் வேண்டுமானால் செல்லும்.

உங்கள் "சைவநெறி எதற்குக் கட்டாயம்?" என்ற கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது. கொள்கையளவில் நானும் சமயத்தைப் பரீட்சைக்கு வெளியே வைக்கவே விரும்புவேன். பக்திக்குப் புள்ளி போடுவது எனக்கு உவப்பில்லை. கோயில்களில் அறநெறி வகுப்பு இருக்கிறது, தேவாலயங்களில் மறைக்கல்வி இருக்கிறது. ஆனால் நாளைக்கே சைவநெறியை நீக்கினால் முதலில் அடிபடுவது தோட்டத்துப் பிள்ளைதான். கருவி வேண்டாம், ஆய்வுகூடம் வேண்டாம், டியூசன் வேண்டாம். ஒரு பாடப் புத்தகமும் படிப்பிக்க மனமுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் திறமைச் சித்தி நிச்சயம் என்ற ஒரே கட்டாயப் பாடம் அது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆய்வுகூடம் கேட்கும் பாடத்தை வைத்தால், இருக்கிற ஏணியில் ஒரு படியைக் கழற்றியதாகிவிடும். ஒரு குறையை மட்டும் மறைக்கக்கூடாது: இந்துப் பிள்ளைகள் பெரும்பான்மையாக உள்ள வகுப்பில் நான்கு கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தால், சமயப் பாடவேளையில் அவர்கள் பின்வாங்கில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். பரீட்சைக்குத் தங்கள் சமயத்தை எழுதுவார்கள், படிப்பதோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்.

வரலாற்றுக்கு வருகிறேன். முன்பு அது சமூகக் கல்விக்குள் ஒரு பங்காக இருந்தது; தனிப்பாடமாகவும் கட்டாயமாகவும் ஆனது 2000களின் பிற்பகுதிச் சீர்திருத்தத்தோடு. 2025இல், கல்வி அமைச்சையும் வைத்திருக்கும் பிரதமர் ஹரிணி அமரசூரிய புதிய சீர்திருத்தத்தை முன்வைத்தபோது, வரலாறும் அழகியலும் விருப்பத்துக்குத் தள்ளப்படுகின்றனவா என்ற சர்ச்சை நாடாளுமன்றம் வரை போனது. கொழும்பில் அந்த வாதம் தேசப்பற்றைச் சுற்றி நடந்தது. எனக்கு வேறு காரணத்துக்காக வரலாறு வேண்டும். நமது பிள்ளை அநுராதபுரத்து அரசர் வரிசையை ஒப்பிப்பாள், கைத்தொழிற் புரட்சியை எழுதுவாள். ஆனால் 1820களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு மனிதர்கள் எப்படி நடந்து வந்தார்கள், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டபோது மண்வெட்டி பிடித்தவர்கள் யார், 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் யாருடைய உரிமையைப் பறித்தது, 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை ஓரிடத்துக்கும் 3,00,000 பேரை இன்னோரிடத்துக்கும் என்று எப்படிப் பங்கிட்டது என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் பிள்ளையின் மனதில் நிற்கும் அளவுக்கு இல்லை. தேயிலை வருகிறது; அதைப் பறித்த கை வருவதில்லை. வரலாற்றை விருப்பப் பாடமாக்கினால் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டும் காரணமே போய்விடும். கட்டாயமாக இருக்கும்வரைதான் "எங்களையும் எழுதுங்கள்" என்று கேட்க முடியும்.

இனி உங்கள் மகள் கேட்ட சிங்களம். அவளுக்கு வயதுக்கு மீறிய விவேகம். தரம் 6 முதல் 9 வரை இரண்டாம் தேசிய மொழி எல்லாருக்கும் உண்டு. நான்கு ஆண்டுகள் எழுத்து, சொல், சிறு வசனம் என்று பழகி, கொஞ்சம் வாய் திறக்கும் நேரத்தில் தரம் 10 வருகிறது. அங்கே சிங்களம் புவியியலோடும் வணிகக் கல்வியோடும் ஒரே தொகுதிக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றது போச்சு. கணக்கு வரும் பிள்ளைக்கு வணிகக் கல்வியும் வேண்டும், சிங்களமும் வேண்டும் என்றால் வழி கிடையாது. இந்தத் தொகுதிகளை அமைத்தவர்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த ஆண்டு ஜூலைக்குப் பிறகு சேரும் அரச ஊழியர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதாவது பதினைந்து வயதில் கைவிடச் சொன்ன பாடத்தை இருபத்தாறு வயதில் சம்பள உயர்வுக்காகத் திரும்பப் படிக்கச் சொல்கிறார்கள். பட்டம் பெற்று அபிவிருத்தி உத்தியோகத்தராகப் போன எத்தனையோ பேர் இரவில் சிங்கள எழுத்துக்கூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அரச வேலை வேண்டாம் என்றாலும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு, வைத்தியசாலையில் மருந்துச் சீட்டு, பஸ்ஸில் தகராறு எல்லாவற்றுக்கும் அந்த மொழி வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாம் மொழியைத் தொகுதியிலிருந்து வெளியே எடுத்துக் கட்டாயத்தில் சேர்த்து, தொகுதிகளை இரண்டாகக் குறைப்பேன். மொத்தம் அதே ஒன்பது. சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் அதேபோல் கட்டாயம். ஒரு பக்கம் மட்டும் என்றால் நான் உடன்படமாட்டேன்.

கம்ப்யூட்டர் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பரீட்சை எழுத்துமூலம்தான். கணினி பழுதாகி மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பாடசாலையிலும் பிள்ளைகள் விசைப்பலகையைத் தொடாமலே சித்தி பெற்றுவிடுகிறார்கள். உங்கள் பாடசாலையில் அதுதான் நிலைமை என்றால் சுகாதாரப் பாடத்தை விட்டு அதற்கு மாறுவதில் பெரிய இலாபம் இல்லை. கணினி பழகக் கல்வி வலயத்தின் கணினி வள நிலையத்தில் விடுமுறைக்கால வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

யாரும் கேட்காத ஒரு பாடத்தையும் சொல்லிவிடுகிறேன்: விவசாயமும் உணவுத் தொழினுட்பமும். தோட்டத்தில் இதைச் சொன்னாலே பெற்றோர் முகம் சுருங்கும். "மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்?" என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது, பழையதும்கூட. 1972இல் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது தொழில்முன்னிலைப் பாடங்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். கிராமத்துப் பெற்றோருக்கு அது தங்கள் பிள்ளையைக் கிராமத்திலேயே நிறுத்தும் சூழ்ச்சியாகத் தெரிந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டமும் போனது. அதே காலத்தில் எல்லாருக்கும் ஒரே விஞ்ஞானம் என்று வந்த மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. பெற்றோர் எதைத் தங்கள் பிள்ளைக்கான ஏற்றமாகக் கண்டார்கள், எதை இறக்கமாகக் கண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இருந்தாலும் காலம் மாறியிருக்கிறது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது. அதில் உயிர்முறைமைகள் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்கு இந்த விவசாய அடிப்படை கைகொடுக்கும். தொழினுட்பவியல் பட்டம் வரை அந்தப் பாதை போகிறது. விவசாய ஆசிரியர் இருக்கும் பாடசாலையில் நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டாம் தொகுதியில் தமிழ் இலக்கிய நயத்தையும் பலர் கவனிப்பதில்லை. தமிழ் ஆசிரியரே படிப்பிக்கலாம், தூரிகையும் வர்ணமும் வாங்கும் செலவு கிடையாது, உயர்தரத்தில் தமிழ் எடுப்பவருக்கு முன்பயிற்சியாகவும் இருக்கும்.

கட்டாயப் பாடங்களில் கணிதமும் விஞ்ஞானமும் கட்டாயமாகவே இருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. "தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு விஞ்ஞானம், இலேசான பாடமாகக் கொடுங்கள்" என்று பரிவோடு பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தப் பரிவு பிள்ளையை லயத்திலேயே வைத்திருக்கும். கட்டாயம் என்று எழுதுகிறவர்கள் ஆசிரியரையும் கூடவே அனுப்பவேண்டும். ஆசிரியர் பற்றாக்குறைக்காக ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியை அமைத்தார்கள், ஆசிரிய உதவியாளர்களை நியமித்தார்கள். பிள்ளைகள் பயன் பெற்றார்கள். இருந்தும் கணிதம், விஞ்ஞானம் படித்தவர்கள் நியமனம் கிடைத்துக் கொஞ்ச நாளில் நகரத்துக்கு இடமாற்றம் வாங்கிப் போய்விடுகிறார்கள். ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கிவிட்டு இரண்டு தவணைக்கு ஆசிரியர் இல்லாமல் விட்டால், தோற்றது பிள்ளை என்று பெறுபேற்றுத் தாள் சொல்லும். வலயக் கல்விப் பணிமனையின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. தரம் 6 முதல் 9 வரை சிங்களம் நடந்திருக்கிறது என்றால், அதைப் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பாடசாலையில் இருக்கிறார். முதலாம் தொகுதிப் பாடவேளையில் அவருக்கு வேறு வகுப்பு விழுகிறதா என்பதே கேள்வி. தனியாகப் போகாதீர்கள். மகளின் வகுப்பில் சிங்களம் கேட்கும் எட்டுப் பத்துப் பெற்றோர் சேர்ந்து, கையெழுத்திட்ட கடிதத்தோடு அதிபரைப் பாருங்கள். சண்டை போட வேண்டாம், அவருக்கும் அது வசதி, வலயத்தில் ஆசிரியர் கேட்பதற்கு ஒரு தாள் கிடைக்கும். நேரசூசி எழுதப்படுவதற்கு முன் போக வேண்டும். அது நடக்காவிட்டால் புவியியலையே எடுக்கட்டும். தரம் 10, 11 சிங்களப் பாடப் புத்தகங்களை மட்டும் கேட்டு வாங்கி வீட்டில் தொடரட்டும். பின்னாளில் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் தேர்ச்சிப் பரீட்சையை எழுத முடியும். வணிகக் கல்வி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சாதாரண தரத்தில் அதைப் படிக்காமலே வர்த்தகப் பிரிவில் சேர்ந்து நன்றாகச் செய்தவர்கள் நிறைய.

விரும்பிய பாடத்துக்காகத் தரம் 10இலேயே ஹட்டனுக்கு மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். காலையும் மாலையும் பஸ், மழைக்காலத்தில் பாதை, அனுமதிக்கு அலைச்சல். ஒரு தொகுதிப் பாடத்துக்காக நான் மாற்றமாட்டேன். கணித ஆசிரியரோ விஞ்ஞான ஆசிரியரோ இல்லை என்றால் மாற்றுவேன், கடன்பட்டாவது. எனவே அதிபரைப் பார்க்கும்போது சிங்களத்தைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்: தரம் 10க்குக் கணிதம் யார், விஞ்ஞானம் யார், இருவரும் இந்த ஆண்டு இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா.